அயர்லாந்தில் ஒரு தலைமுறைக்குள் ஆலயங்கள் ஆளற்றுப் போனது எப்படி?

தாமிரபரணியான் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். நவீன சமுதாயங்களில் சமய நம்பிக்கையும் வழிபாடும் ஏன் தேய்கின்றன என்று கேட்டால், படிப்பும் அறிவியலும் வளர்ந்தன, அதனால் கடவுள் பின்வாங்கினார் என்ற ஒற்றை விடையே பெரும்பாலும் கிடைக்கிறது. அந்த விடை எனக்குப் போதவில்லை. உலகம் முழுவதையும் ஒன்றாகப் போட்டுப் பேசினால் எதுவும் தெளியாது என்பதால், ஒரே ஒரு நாட்டை எடுத்துக்கொண்டு கேட்கிறேன். அது அயர்லாந்து.

1961ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அந்நாட்டு மக்களில் 94.9 விழுக்காட்டினர் கத்தோலிக்கர். 1970களின் தொடக்கத்தில் நடந்த ஆய்வுகளின்படி, கத்தோலிக்கரில் பத்துக்கு ஒன்பது பேர் வாரந்தோறும் திருப்பலிக்கு, அதாவது ஆலயப் பூசைக்கு, சென்றுவந்தனர். 1979 செப்டம்பரில் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் டப்ளினுக்கு வந்தபோது ஃபீனிக்ஸ் பூங்காவில் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்டோர் திரண்டனர். அன்றைக்கு நாட்டின் மொத்த மக்கள்தொகையே சுமார் 34 இலட்சம்தான். 2018இல் திருத்தந்தை பிரான்சிஸ் அதே பூங்காவில் திருப்பலி நிறைவேற்றியபோது வந்த கூட்டம் அதில் ஒரு சிறு பங்குதான். இடையில், 1995இல் மணமுறிவு உரிமையும் 2015இல் ஒருபாலினத் திருமணமும் 2018இல் கருக்கலைப்பு உரிமையும் பொதுவாக்கெடுப்பில் மக்களாலேயே ஏற்கப்பட்டன. 2022 கணக்கெடுப்பில் கத்தோலிக்கர் 69 விழுக்காடாகக் குறைந்தனர். எச்சமயமும் இல்லை என்று எழுதியோர் ஏழு இலட்சத்தைத் தாண்டினர்.

என்னை உறுத்துவது வேறொன்று. நம் தமிழ்நாட்டில் 1925 முதல் சுயமரியாதை இயக்கம் ஊர் ஊராக மேடை போட்டுக் கடவுள் மறுப்பைப் பேசியது. அதை வெளிப்படையாகப் பேசியவர்களை மக்கள் மதித்தார்கள், அவர்கள் வழி வந்தவர்களை ஆட்சியிலும் அமர்த்தினார்கள். ஆயினும் அதே காலத்தில்தான் சபரிமலைக்கு மாலை போடுவோரும் திருவண்ணாமலையில் பௌர்ணமி கிரிவலம் வருவோரும் பல மடங்கு பெருகினர். அயர்லாந்திலோ அத்தகைய இயக்கம் எதுவும் சிற்றூர்களை எட்டவே இல்லை. கடவுள் இல்லை என்று எவரும் தெருமுனையில் நின்று வாதாடவில்லை. அங்கேதான் ஆலயங்கள் காலியாயின.

வாதத்தால் நம்பிக்கை போகவில்லையென்றால் வேறு எதனால் போனது? செல்வம் சேர்ந்ததாலா, குருக்களின் குற்றங்கள் வெளிவந்ததாலா, அல்லது அந்த நம்பிக்கை தொடக்கத்திலிருந்தே நாம் நினைத்த அளவுக்கு ஆழமற்றதாக இருந்ததா? அங்கே வாழ்பவர்களும் வரலாறு அறிந்தவர்களும் விரிவாக எழுதினால் மகிழ்வேன்.

மேற்குக்கரைச் செவிலி

ஐயா, நான் பல ஆண்டுகளாக அயர்லாந்தின் மேற்குப் பகுதியில், முதியோர் இல்லம் ஒன்றில் செவிலியாகப் பணியாற்றுகிறேன். கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவள். நூல்களை வைத்து அல்ல, கண்ணால் கண்டதை வைத்து எழுதுகிறேன்.

எங்கள் பங்கில், அதாவது ஒரு குருவின் பொறுப்பில் உள்ள திருச்சபைப் பகுதியில், மூன்று ஆலயங்கள் இருக்கின்றன. மூன்றுக்கும் சேர்த்து எழுபதைக் கடந்த ஒரே பங்குத்தந்தை. ஞாயிற்றுக்கிழமைத் திருப்பலி ஒவ்வோர் ஆலயத்திலும் முறை வைத்து நடக்கிறது. முன்வரிசைகள் வெறுமையாகக் கிடக்க, நரைத்த தலைகள் பின்வரிசைகளில் ஆளுக்கொரு மூலையாக அமர்ந்திருக்கும். குழந்தைகளின் சத்தம் கேட்டால் அது கேரளத்துக் குடும்பமாகவோ பிலிப்பீன்ஸ், போலந்து, நைஜீரியக் குடும்பமாகவோ இருக்கும். முதல் வாசகத்தை வாசிப்பவர் பெரும்பாலும் எங்களில் ஒருவர்தான்.

ஆனால் மே மாதத்தில் ஒரு நாள் மட்டும் அந்த ஆலயம் நிரம்பி வழியும். அது பிள்ளைகளின் புதுநன்மை நாள், அதாவது அவர்கள் முதன்முறையாக நற்கருணை பெறும் நாள். ஏழு எட்டு வயதுச் சிறுமியர் மணப்பெண்ணைப் போல வெள்ளை உடுப்பும் முக்காடும் அணிந்து, அழகு நிலையத்தில் முடியை அலங்கரித்துக்கொண்டு வருவார்கள். சொந்தக்காரர்கள் பணம் வைத்த உறைகளைக் கையில் கொடுப்பார்கள். வீட்டு முற்றத்தில் காற்றடைத்த துள்ளு கோட்டையை வாடகைக்கு எடுத்து நிறுத்தியிருப்பார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்தப் பிள்ளைகளில் இருவரோ மூவரோதான் வருவார்கள். இதை நான் ஏளனமாகச் சொல்லவில்லை. அந்தப் பெற்றோர் தம் பிள்ளைகளுக்கு ஒரு நல்ல நாளை அமைத்துத் தர உண்மையாகவே பாடுபடுகிறார்கள்.

நீங்கள் கேட்ட கேள்விக்கு விடை இங்கேதான் கிடக்கிறது என்று நான் கருதுகிறேன். அந்தப் புதுநன்மைக்கான தயாரிப்பு முழுவதும் பள்ளி நேரத்தில், வகுப்பறையில், வகுப்பு ஆசிரியரால் நடத்தப்படுகிறது. இந்த நாட்டின் தொடக்கப் பள்ளிகளில் ஏறத்தாழப் பத்தில் ஒன்பது இன்னும் கத்தோலிக்கத் திருச்சபையின் பொறுப்பில் இருப்பவை. செபங்களைப் பள்ளி கற்பிக்கும், பாவசங்கீர்த்தனத்துக்குப் பள்ளி அழைத்துச் செல்லும், பாடல்களைப் பள்ளி பயிற்றுவிக்கும். அந்த ஆசிரியர் தாமே ஆலயத்துக்குப் போவதை நிறுத்தியவராகவும் இருக்கலாம். வீடு செய்ய வேண்டியது உடுப்பு வாங்குவது மட்டும்தான்.

எங்கள் இல்லத்தில் இருக்கும் முதியவர்கள் தங்கள் இளமையைப் பற்றிப் பேசும்போது, மாலையில் குடும்பத்தோடு செபமாலை சொன்னதைத் தவறாமல் குறிப்பிடுவார்கள். சமையலறையின் கல் தரையில் மண்டியிட்டு, நாற்காலியின் இருக்கையில் முழங்கைகளை ஊன்றிக்கொண்டு, தந்தை தொடங்க மற்றவர்கள் பதில் சொல்வார்களாம். பல வீடுகளில் தொலைக்காட்சி வந்த சில ஆண்டுகளில் அது நின்றுபோனதாம். அது நின்றதை அப்போது யாரும் பெரிய இழப்பாக எண்ணவில்லை. பிள்ளைகளைப் பள்ளியும் ஆலயமும் பார்த்துக்கொள்ளும் என்று இருந்துவிட்டார்கள். அந்தத் தலைமுறை ஞாயிறு தவறாமல் ஆலயத்துக்குச் சென்றது. அடுத்த தலைமுறை பள்ளியில் கற்றதை நினைவில் வைத்திருந்தது. அதற்கடுத்த தலைமுறைக்கு வீட்டிலிருந்து கொடுக்க எதுவும் மிஞ்சவில்லை.

ஏட்டறை

செவிலி அம்மையார் எழுதியதைப் படித்தபின் வரலாற்றுப் பக்கத்திலிருந்து சிலவற்றைச் சேர்க்கத் தோன்றுகிறது. தாமிரபரணியான் கேட்ட கடைசிக் கேள்வியான ஆழத்திலிருந்தே தொடங்குகிறேன்.

பத்துக்கு ஒன்பது பேர் வாரந்தோறும் ஆலயம் சென்ற நிலை பண்டைக்காலம் முதல் இருந்துவந்தது என்று பலரும் எண்ணுகிறார்கள். அது உண்மையன்று. 1834இல் அரசு ஆணையம் திரட்டிய வருகைக் கணக்குகளை ஆராய்ந்த வரலாற்றாசிரியர் டேவிட் மில்லர், ஐரிஷ் மொழி பேசிய நாட்டுப்புறங்களில் வாராந்தரத் திருப்பலிக்கு வந்தவர்கள் பாதிக்கும் மிகக் குறைவு என்று காட்டினார். அன்றைய மக்கள் நம்பிக்கையற்றவர்கள் அல்லர். அவர்களுடைய சமயம் புனிதக் கிணறுகளைச் சுற்றி வருவதிலும், ஊர்ப் புனிதரின் திருநாளிலும், இறந்தவர் வீட்டில் இரவு முழுவதும் விழித்திருப்பதிலும், குருவானவர் வீட்டுக்கே வந்து நிறைவேற்றும் பூசையிலும் இருந்தது. ஆங்கிலேய ஆட்சி கத்தோலிக்கரின் உரிமைகளைப் பறித்து வைத்திருந்த காலத்தில் பெரிய ஆலயங்களைக் கட்டவோ குருக்களைத் திரளாகப் பயிற்றுவிக்கவோ வழியில்லை. வீடும் வயல்வெளியும்தான் வழிபாட்டிடங்கள்.

1845 முதல் 1849 வரை நீடித்த உருளைக்கிழங்குப் பஞ்சம் இதை அடியோடு மாற்றியது. பத்து இலட்சம் பேர் மாண்டனர். அதற்கும் மேற்பட்டோர் நாட்டை விட்டுக் கப்பலேறினர். மாண்டவர்களிலும் போனவர்களிலும் பெரும்பகுதியினர் நிலமற்ற கூலிகளும் துண்டு நிலக் குடியானவர்களும். எஞ்சிய நடுத்தரக் குத்தகை விவசாயிகள் திருச்சபையோடு ஏற்கெனவே நெருக்கமாக இருந்தவர்கள். அந்த வேளையில் உரோமையிலிருந்து வந்த பேராயர் பால் கல்லன் 1850இல் தர்லஸ் நகரில் ஆயர் பேரவையைக் கூட்டி, ஞானஸ்நானம், பாவசங்கீர்த்தனம் போன்ற திருவருட்சாதனங்களை வீட்டிலிருந்து ஆலயத்துக்குக் கொண்டுவரும் ஒழுங்கை வகுத்தார். நவநாள், நற்கருணை ஆசீர், பொது தியானம் ஆகிய வழக்கங்கள் பரவின. 1841இல் 82 இலட்சமாக இருந்த தீவின் மக்கள்தொகை 1901இல் 45 இலட்சத்துக்கும் கீழே இறங்கியது. அதே அறுபது ஆண்டுகளில் குருக்களும் கன்னியரும் பெருகினர். எம்மெட் லார்கின் என்ற வரலாற்றாசிரியர் இதனைப் பக்திப் புரட்சி என்றே அழைத்தார். நிலம் ஒரே மகனுக்குப் போக, மற்றப் பிள்ளைகளுக்குக் கப்பல், குருமடம், கன்னியர் மடம் என்ற மூன்று வழிகளே எஞ்சியிருந்த சமுதாயத்தில் இறையழைத்தல், அதாவது துறவு வாழ்வுக்குச் செல்வது, பெருகியதில் வியப்பில்லை. அப்படிச் சென்றவர்களின் பக்தி பொய் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அந்தப் பெருக்கம் ஒரு குறிப்பிட்ட பொருளாதார அமைப்பைச் சார்ந்து நின்றது.

1922இல் நாடு விடுதலை பெற்றபோது, கையில் பணமில்லாத புதிய அரசு பள்ளிகளையும் மருத்துவமனைகளையும் ஆதரவற்றோர் இல்லங்களையும் திருச்சபையின் பொறுப்பிலேயே விட்டுவைத்தது. 1937 அரசியலமைப்பு திருச்சபையின் தனிச்சிறப்பு நிலையை ஏற்றது. தாய்க்கும் சேய்க்கும் இலவச மருத்துவம் தர 1951இல் அமைச்சர் நோயல் பிரவுன் கொண்டுவந்த திட்டத்தை ஆயர்கள் எதிர்த்தனர். அமைச்சர் பதவி விலகினார், திட்டம் கைவிடப்பட்டது. இவ்வாறு ஐரிஷ்காரராக இருப்பதும் கத்தோலிக்கராக இருப்பதும் ஒன்றாகிப்போன நாட்டில், நான் ஏன் நம்புகிறேன் என்று ஒருவர் தம்மைத்தாமே கேட்டுக்கொள்ள வேண்டிய தேவையே எழவில்லை.

சரிவு எப்போது தொடங்கியது என்பதை வைத்துத்தான் காரணத்தை மதிப்பிட வேண்டும். குருமடங்களில் சேர்வோர் எண்ணிக்கை 1960களின் பிற்பகுதியிலேயே இறங்கத் தொடங்கிவிட்டது. குற்றங்கள் வெளிவருவதற்குக் கால் நூற்றாண்டுக்கு முன்பு அது. 1967இல் இடைநிலைக் கல்வி இலவசமானது. செயற்கைக் கருத்தடையைத் தடுத்த உரோமையின் ஆணை 1968இல் வந்தது. கருத்தடைச் சாதனங்கள் தடைசெய்யப்பட்டிருந்த இந்நாட்டிலிருந்து 1971இல் ஒரு மகளிர் குழுவினர் வடக்கு அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் சென்று அவற்றை வாங்கி வந்து, டப்ளின் இரயில் நிலையத்தில் சுங்க அதிகாரிகளின் கண்முன்னே தூக்கிக் காட்டினர். மணமான பெண்கள் அரசுப் பணியில் தொடரக் கூடாது என்ற விதி 1973இல் நீங்கியது; நாடு ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தில் சேர்ந்ததும் அதே ஆண்டுதான். பிள்ளைகளுக்குச் செபம் சொல்லிக்கொடுத்தவர்கள் பெண்கள். தங்கள் உடலைப் பற்றித் தாங்களே முடிவெடுக்க முடியாது என்று சொன்ன அமைப்பிடமிருந்து அவர்கள் மனத்தளவில் விலகியபோதே, அடுத்த தலைமுறையின் கதை எழுதப்பட்டுவிட்டது என்பது என் துணிபு. அந்த வகையில், 1979இல் ஃபீனிக்ஸ் பூங்காவில் திரண்ட பெருங்கூட்டம் ஏற்கெனவே வடியத் தொடங்கிவிட்ட வெள்ளம்.

பின்னர் வந்தவை எல்லாரும் அறிந்தவை. திருத்தந்தையின் வருகையின்போது கால்வே நகரில் இளைஞர் கூட்டத்தை மேடையேறி உற்சாகப்படுத்திய இருவர் ஆயர் ஏமன் கேசியும் அருட்தந்தை மைக்கேல் கிளியரியும். இருவருக்குமே மறைவாகப் பிள்ளைகள் இருந்தது 1990களில் வெளிவந்தது. அது வெறும் பலவீனம் என்று மக்கள் மன்னித்திருக்கக்கூடும். ஆனால் சிறாரைச் சீரழித்த பிரெண்டன் ஸ்மித் என்ற குருவானவரை வடக்கு அயர்லாந்திடம் ஒப்படைப்பதில் நேர்ந்த தாமதத்தால் 1994இல் ஓர் அரசே கவிழ்ந்தது. 2009இல் வெளியான ரையன் அறிக்கை, துறவற சபைகள் நடத்திய தொழிற்பள்ளிகளில் சிறார் பல பத்தாண்டுகளாக அடிபட்டதையும் சீரழிக்கப்பட்டதையும் பதிவுசெய்தது. அதே ஆண்டின் மர்ஃபி அறிக்கை, டப்ளின் பேராயர்கள் பிள்ளைகளைக் காக்காமல் திருச்சபையின் பெயரைக் காத்ததை வெளிக்கொணர்ந்தது. டூவம் நகரில் மணமாகாத தாய்மாருக்கான இல்லத்தில் 1925க்கும் 1961க்கும் இடையில் இறந்த 796 குழந்தைகளின் பெயர்களை உள்ளூர் ஆய்வாளர் கேத்தரின் கார்லஸ் தம் சொந்த முயற்சியால் திரட்டி வெளியிட்டார்.

குற்றங்கள் சரிவைத் தொடங்கிவைக்கவில்லை. பழக்கத்துக்காகவும் பிறர் பார்வைக்காகவும் வந்துகொண்டிருந்தவர்கள் வெட்கமின்றி வருவதை நிறுத்திக்கொள்ள அவை வழி திறந்தன. கனடாவின் கியூபெக் மாநிலத்தில் இத்தகைய அறிக்கைகள் எதுவும் இல்லாமலேயே, 1960க்குப் பின் அரசு பள்ளிகளையும் மருத்துவமனைகளையும் தன் கைக்கு மாற்றிக்கொண்ட சில ஆண்டுகளில் ஆலயங்கள் காலியாயின என்பதையும் இங்கே நினைவில் கொள்ள வேண்டும்.

முத்துநகர்

ஏட்டறை ஐயா மிகவும் பயனுள்ள செய்திகளைத் தந்திருக்கிறார். ஆயினும் அவருடைய கடைசிப் பத்தியை என்னால் ஏற்க முடியவில்லை. நான் தூத்துக்குடிக்காரன், பங்குப் பணிகளில் வயதெல்லாம் ஈடுபட்டவன்.

குற்றங்கள் வெறும் வழியைத் திறந்தன என்று சொல்வது, அவற்றால் புண்பட்ட நம்பிக்கையாளர்களைக் கணக்கில் எடுக்காத பேச்சு. ஒருவர் தம் பாவங்களைக் குருவானவரின் காதில் சொல்கிறார்; தம் பிள்ளையைப் பீடச் சிறுவனாக அவரிடம் ஒப்படைக்கிறார்; தாய் இறக்கும் தறுவாயில் அவரைத்தான் முதலில் அழைக்கிறார். அப்படி ஒப்படைக்கப்பட்ட பிள்ளைக்குக் கேடு நேர்ந்தபோது, அதை அறிந்த ஆயர் அந்தக் குருவை வேறொரு பங்குக்கு மாற்றிவிட்டு மௌனமாக இருந்தார் என்று தெரிந்தால், உடைவது ஞாயிற்றுக்கிழமைப் பழக்கம் அன்று. செபிக்கும் வாயே அடைத்துப்போகிறது. பழக்கத்துக்காக வந்தவர்கள் மட்டும் வருவதை நிறுத்தினார்கள் என்றால், பக்தியோடு வந்தவர்கள் இன்னும் இருக்க வேண்டுமே? அவர்களில் பலரும் போய்விட்டார்கள். அவர்கள் கோபத்தோடு போனார்கள் என்பதே அவர்களுக்கு அது எவ்வளவு பெரிதாக இருந்தது என்பதற்குச் சான்று.

இன்னொன்றையும் பிரித்துப் பார்க்க வேண்டும். பூசைக்கு வருவது குறைந்ததா, கடவுள்மேல் வைத்த நம்பிக்கை குறைந்ததா? இரண்டும் ஒன்றல்ல. அடக்கச் சடங்குகள் இன்றும் அந்நாட்டில் பெருமளவில் ஆலயத்தில்தான் நடக்கின்றன. சூலை மாதக் கடைசி ஞாயிறன்று, புனித பேட்ரிக் நோன்பிருந்ததாகச் சொல்லப்படும் குரோ பேட்ரிக் மலையில் ஆயிரக்கணக்கானோர், சிலர் வெறுங்காலோடு, கூரிய கற்கள்மீது ஏறுகிறார்கள். அரசு வானொலியும் தொலைக்காட்சியும் மாலை ஆறு மணிக்கு மூவேளை செபத்துக்கான மணியோசையை இன்னும் ஒலிபரப்புகின்றன. பிரித்தானியாவைப் பற்றி எழுதிய சமூகவியலாளர் கிரேஸ் டேவி, அமைப்பில் சேராமலே நம்புகிற மக்களைப் பற்றி 1990களில் விரிவாகப் பேசினார். அயர்லாந்திலும் அப்படித்தான் ஆகிவருகிறதோ என்னவோ. ஏட்டறை ஐயா சொன்ன புனிதக் கிணறுகளின் காலத்துக்கு அவர்கள் திரும்பிப் போகிறார்கள் என்றுகூட ஒருவர் வாதிடலாம்.

இந்தத் தேய்வைக் கணக்காகப் பேசுகிறவர்கள் இழப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும் என்பதே என் மனக்குறை. ஒரு சிற்றூரில் சாவு விழுந்தால் அண்டை அயலார் தேநீரும் ரொட்டியும் கொண்டுவந்து, பிணத்தருகே அமர்ந்து, பெட்டியைத் தோளில் சுமந்து, முப்பதாம் நாள் பூசைக்கு மறுபடியும் கூடுவார்கள். அந்த ஒழுங்கை ஒரு தனி மனிதன் உண்டாக்க முடியாது. திருச்சபை செய்த கேடுகளை ஒளிக்காமல் சொல்வதற்கும், அது கட்டிக்காத்த நல்லவற்றை எண்ணி வருந்துவதற்கும் ஒரே மனத்தில் இடம் இருக்க வேண்டும்.

தாமிரபரணியான்

மூவருக்கும் நன்றி. முத்துநகர் ஐயா சொன்ன வேறுபாடு முக்கியமானது. அப்படியானால் இன்னும் 69 விழுக்காட்டினர் கத்தோலிக்கர் என்று எழுதுகிறார்களே, அவர்கள் யார்? அமைப்பை விட்டு நம்பிக்கையை மட்டும் வைத்துக்கொண்டவர்களா, அல்லது நம்பிக்கையை விட்டு அடையாளத்தை மட்டும் வைத்துக்கொண்டவர்களா? இது எங்கேயாவது ஆராயப்பட்டிருக்கிறதா?

புள்ளிக்கணக்கர்

அயர்லாந்தைவிட நெடுங்காலத் தரவுகள் பிரித்தானியாவுக்கு உண்டு. அங்கிருந்து தொடங்கினால் இந்தக் கேள்விக்கு ஓரளவு விடை கிடைக்கும்.

இங்கிலாந்திலும் வேல்சிலும் கிறித்தவர் என்று எழுதியோர் 2001இல் 71.7 விழுக்காடு, 2011இல் 59.3, 2021இல் 46.2. எச்சமயமும் இல்லை என்றோர் 14.8இலிருந்து 25.2 ஆகி, 37.2க்கு வந்தனர். இவ்வளவு விரைவான மாற்றத்தைப் பார்க்கும்போது, மக்கள் நடுவயதில் மனம் மாறி வெளியேறுகிறார்கள் என்றே தோன்றும். ஆனால் டேவிட் வோவாசும் அலஸ்டேர் குரோக்கெட்டும் 2005இல் வெளியிட்ட ஆய்வு வேறொன்றைக் காட்டியது. வளர்ந்தபின் ஒருவருடைய சமய நிலை பெரிதாக மாறுவதில்லை. மாறுவது தலைமுறைக்குத் தலைமுறைதான். தாயும் தந்தையும் சமய ஈடுபாடு உடையவர்களாக இருந்தால், அது பிள்ளைக்குச் சென்றடையும் வாய்ப்பு ஏறத்தாழப் பாதிக்குப் பாதி. ஒருவர் மட்டும் ஈடுபாடு உடையவராக இருந்தால் அதிலும் பாதி. இருவருக்கும் ஈடுபாடு இல்லையென்றால், ஈடுபாடின்மை மட்டும் கிட்டத்தட்டத் தவறாமல் பிள்ளைக்குப் போய்ச் சேர்கிறது. அமைப்புசார் சமயத்தின் அரை ஆயுள் ஒரு தலைமுறை, அதாவது ஒவ்வொரு தலைமுறையிலும் அது பாதியாகக் குறைகிறது, என்று அவர்கள் எழுதினார்கள்.

முத்துநகர் ஐயா மதித்துச் சொன்ன கிரேஸ் டேவியின் கருத்துக்கு எதிராகவே அந்த ஆய்வு எழுதப்பட்டது என்பதையும் குறிப்பிட வேண்டும். வழிபாடு குறைந்தாலும் நம்பிக்கை தங்கிவிடுகிறது என்பதற்கு அவர்களுக்குச் சான்று கிடைக்கவில்லை. ஆலயத்துக்குப் போகாமல் நம்பிக்கையை மட்டும் வைத்திருப்பவர் தம் வாழ்நாள் முழுவதும் நம்பக்கூடும். ஆனால் அதைப் பிள்ளைக்குக் கொடுக்கும் வழி அவரிடம் இருப்பதில்லை. ஆகவே வழிபாடும் நம்பிக்கையும் ஏறத்தாழ ஒரே வேகத்தில்தான் இறங்குகின்றன. செவிலி அம்மையார் முதியோர் இல்லத்தில் கேட்டறிந்ததும் இந்த ஆய்வு எண்களில் கண்டதும் ஒன்றே என்பது என்னை வியக்க வைக்கிறது.

69 விழுக்காட்டைப் பற்றி: கணக்கெடுப்புப் படிவம் வீட்டுக்கு ஒன்று. பெற்றோர் ஒருவர் எல்லாருக்கும் சேர்த்து நிரப்பும்போது, கல்லூரிக்குப் போகும் மகளின் சமயத்தையும் அவரே எழுதிவிடுகிறார். 2022 படிவத்தில் கேள்வியின் சொற்கள் மாறின: தற்போதைய சமயம் ஏதேனும் உண்டா என்று கேட்டு, சமயம் இல்லை என்ற விடையை முதலில் அச்சிட்டார்கள். குறைவின் ஒரு பகுதி அதனாலும் வந்திருக்கலாம். ஆனால் வேறொரு நோக்கில் பார்த்தால், முந்தைய எண்களே உண்மையைவிட உயர்வாக இருந்திருக்கலாம். ஞானஸ்நானம் பெற்றவர் எல்லாரும் கத்தோலிக்கர் என்று கேள்விக்கு இடமின்றி எழுதப்பட்ட காலம் அது.

செல்வத்தைப் பற்றியும் ஒரு சொல். பசி, நோய், திடீர்ச் சாவு ஆகியவற்றின் அச்சம் குறைந்த சமுதாயங்களில் சமயத்தின் பிடி தளர்கிறது என்று பிப்பா நாரிசும் ரொனால்ட் இங்கல்ஹார்ட்டும் பல நாடுகளின் ஆய்வுகளை ஒப்பிட்டுக் காட்டியிருக்கிறார்கள். அயர்லாந்தின் பொருளாதாரம் 1990களின் நடுவில் பாய்ச்சலெடுத்தது உண்மை. ஆனால் அந்நாட்டில் வேலையின்மை தலைவிரித்தாடிய 1980களிலேயே திருப்பலி வருகை இறங்கத் தொடங்கிவிட்டது. அமெரிக்காவோ நெடுங்காலம் செல்வமும் சமய ஈடுபாடும் சேர்ந்தே இருந்த நாடு. அங்கும் பியூ ஆய்வு மையத்தின் கணக்குப்படி கிறித்தவர் 2007இல் 78 விழுக்காடாக இருந்து இப்போது 62 விழுக்காட்டுக்கு வந்திருக்கிறார்கள். செல்வம் ஒரு காரணம்தான். அதை மட்டும் வைத்துக் காலத்தையும் வேகத்தையும் விளக்க முடியாது.

மேற்குக்கரைச் செவிலி

புள்ளிக்கணக்கர் ஐயாவின் விளக்கம் என் எண்ணத்தைத் தெளிவாக்கியது. ஆயினும் பெண்களைப் பற்றி ஏட்டறை ஐயா சொன்னதற்கு ஒன்றைச் சேர்க்க வேண்டும்.

2012இல் கர்நாடகத்தைச் சேர்ந்த பல் மருத்துவர் சவிதா ஹலப்பனவர் இந்நாட்டில் இறந்தார். கரு பிழைக்காது என்று தெரிந்த பின்பும், அதன் இதயத்துடிப்பு நிற்கவில்லை என்பதால் கருக்கலைப்பு மறுக்கப்பட்டு, குருதியில் நஞ்சேறி உயிரிழந்தார். இந்தியச் செவிலியர் பலர் வேலை செய்யும் நாடு இது. அந்த வாரத்தில் நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்ட விதத்தை மறக்க முடியாது. எங்களோடு பணியாற்றிய ஐரிஷ் பெண்களில், ஞாயிறு தவறாமல் திருப்பலிக்குப் போகும் அறுபது வயதுக்காரர்கள்கூட, இனி ஆயர்கள் சொல்வதைக் கேட்டு வாக்களிக்கப் போவதில்லை என்று அப்போதே சொன்னார்கள். 1983இல் கருக்கலைப்புத் தடையை அரசியலமைப்பில் சேர்க்க மூன்றில் இரண்டு பங்கினர் வாக்களித்தார்கள். 2018இல் அதை நீக்கவும் ஏறத்தாழ அதே அளவினர், 66.4 விழுக்காட்டினர், வாக்களித்தார்கள். அவர்களில் பலர் கடவுளை விட்டுவிடவில்லை. தங்களுக்குக் கட்டளையிடும் உரிமையைத்தான் திருச்சபையிடமிருந்து திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். முத்துநகர் ஐயா சொன்ன வேறுபாடு அவர்கள் அளவில் மெய்தான். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் அளவில் புள்ளிக்கணக்கர் சொன்னதுதான் நடந்துகொண்டிருக்கிறது.

பள்ளியைப் பற்றியும் ஒரு மாற்றத்தைச் சொல்ல வேண்டும். பள்ளியில் இடம் கிடைப்பதற்காகவே பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுத்த பெற்றோர் முன்பு நிறையப் பேர் இருந்தார்கள். கத்தோலிக்கத் தொடக்கப் பள்ளிகள் சேர்க்கையில் சமயத்தைப் பார்க்கக் கூடாது என்று 2018இல் சட்டம் வந்தபின் அந்தத் தேவை நீங்கியது. புதுநன்மைத் தயாரிப்பைப் பள்ளியிலிருந்து பங்குக்கும் பெற்றோருக்கும் மாற்றும் முயற்சியைச் சில மறைமாவட்டங்கள் தொடங்கியிருக்கின்றன. ஆசிரியர்கள் இதை வரவேற்கிறார்கள். பெற்றோர்களில் பலருக்கோ எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை. கேரளத்துக் குடும்பங்கள் சனிக்கிழமை மறைக்கல்வியைத் தாங்களே நடத்துகின்றன. ஆனால் எங்கள் பிள்ளைகளும் இங்கேயே பள்ளிக்குப் போகிறவர்கள், இங்குள்ள நண்பர்களோடு வளர்கிறவர்கள்.

முத்துநகர் ஐயாவிடம் ஒரு கேள்வி. உங்கள் பங்கில் பிள்ளைகளுக்கு நம்பிக்கை யார் வழியாகப் போய்ச் சேர்கிறது? பள்ளி வழியாகவா, வீட்டு வழியாகவா?

முத்துநகர்

நேர்மையாகவே சொல்கிறேன், சகோதரி. மறைக்கல்வியை ஞாயிறு பூசைக்குப்பின் ஆசிரியர்களும் கன்னியரும் நடத்துகிறார்கள். அதில் பெற்றோருக்குப் பங்கு குறைவு. வீட்டளவில் நடப்பது அன்பியக் கூட்டம். ஒரு தெருவில் உள்ள குடும்பங்கள் முறை வைத்து ஒருவர் வீட்டில் கூடி, விவிலியத்தில் ஒரு பகுதியை வாசித்து, அதைப் பற்றித் தங்கள் சொந்தச் சொற்களில் பேசி, நோயாளிகளுக்காகச் செபித்துவிட்டுக் கலைவார்கள். குருவானவர் இல்லாமலே நடக்கும். நீங்கள் எழுதிய சமையலறைச் செபமாலைக்கு இணையாக எங்களிடம் இருப்பது அதுதான்.

ஆனால் எங்கள் தெருவில் அதற்கு வருவோர் பெரும்பாலும் பெண்களும் என்னைப் போன்ற வயதானவர்களும். கல்லூரி மாணவர்கள் வருவதில்லை. அவர்களுக்குத் தோதான நேரத்தில் நாங்கள் வைப்பதும் இல்லை. திருநாளுக்குக் கூட்டம் அலைமோதுவதைப் பார்த்து, எல்லாம் நன்றாக இருக்கிறது என்று நாங்கள் இருந்துவிடுகிறோம். வருகிற மாதம் பங்குப் பேரவை கூடும்போது, அன்பியத்தை ஞாயிறு மாலைக்கு மாற்றி, வாசகத்தையும் பகிர்வையும் இளைஞர்களே நடத்தும்படி விடலாமா என்று கேட்கப்போகிறேன்.